மணம் எட்டாத வீடு

சமையலறை இருக்கிற வீட்டில் சமையல் நடக்கும் என்பது பழைய காலத்து நம்பிக்கை. ஹம்தூன் வீட்டில் சமையலறையைப் புதுப்பித்த நாளிலிருந்து சமையல் அடியோடு நின்றுபோயிருந்தது. சுவர் வெள்ளை, தரை வெள்ளை, அலமாரி வெள்ளை. அடுப்பு எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் சுவர் இருப்பது நாகரிகம் அல்ல என்று அதையும் இடித்துவிட்டார்கள். அதனால் ஒரு துண்டு மீன் பொரித்தாலும் அதன் வாடை நேரே போய் விருந்தினர் கூடத்துத் திரைச்சீலையில் குடியேறியது. இனி அங்கே தேநீர் தவிர வேறு எதற்கும் அனுமதி இல்லை என்று அவர் மனைவி ரய்யா அறிவித்துவிட்டாள்.

ஹம்தூன் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் தின்று காலத்தை ஓட்டினார். எதிரே கடல். வஞ்சிரம் வாசலுக்கே விலைக்கு வந்தது. சுட்ட வஞ்சிரமும் எலுமிச்சைச் சோறும் இல்லாத வெள்ளிக்கிழமையை எப்படி வெள்ளிக்கிழமை என்று சொல்வது? வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவருக்கு அழுகையே வந்தது.

"வெளியில ஒரு அடுப்பங்கரை கட்டிக் குடுங்க, அபு நாஸர். ஆக்கிப் போடறேன்," என்றாள் ரய்யா, ஊர் வழக்கப்படி மகன் பெயரைச் சேர்த்து 'நாஸரின் அப்பா' என்று அவரை அழைத்து.

முதலில் ஒரு வடிவமைப்பாளர் வந்தார். கண்ணாடிக் கூரை, கறுப்புக் கல் மேடை, நடுவில் தொங்கும் சரவிளக்கு என்று வரைந்து காட்டினார். ரய்யா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இந்த வெயில்ல கண்ணாடிக்குக் கீழ நின்னா மீனுக்கு முன்னாடி நான் வெந்துடுவேன்." பிறகு அவளே ஒரு குச்சியை எடுத்துக் கொல்லை மண்ணில் கோடு கிழித்தாள். பேரீச்ச ஓலைக் கூரை, ஒரு மின்விசிறி, ஒரு குழாய், மீன் கழுவ ஒரு தொட்டி. காற்று கடலிலிருந்து வருவதால் வீட்டுக்குப் பின்னால், கடலுக்கு எதிர்ப்பக்க மூலையில் அடுப்பு. புகையும் வாடையும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காது.

அப்படியே கட்டியும் முடித்தார்கள். இனி அடுப்பைப் புழங்க நகராட்சி அனுமதி ஒன்றுதான் பாக்கி. அது ஹம்தூனுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஓய்வு பெறும்வரை அவர் அதே நகராட்சியில் விதிகள் எழுதும் பிரிவில் இருந்தவர். சமையல் மணம் பட்ட வீட்டுக்கு ஒரு தட்டு அனுப்புவது அந்த ஊர் வழக்கம். யாரும் எழுதி வைக்காமலே அது ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. எழுதி வைக்காத ஒன்று ஒழுங்காக நடப்பது ஹம்தூனை உறுத்தியது. வேலையில் இருந்த காலத்திலேயே உட்கார்ந்து அதை விதியாக எழுதினார்:

'திறந்தவெளிச் சமையலின் மணம் எட்டும் எல்லைக்குட்பட்டோர் யாவரும் அயலார் எனக் கொள்ளப்படுவர். அயலார்க்குத் தட்டு மறுக்கப்படலாகாது. அயலார் அல்லாதார்க்குத் தட்டு வழங்கப்படலாகாது.'

மூன்றாவது வாக்கியம் ஓசைக்காகச் சேர்த்தது. நகராட்சி அவருக்குப் பாராட்டுக் கேடயம் கொடுத்தது அதற்காகத்தான்.

அனுமதி தருமுன் மணம் எட்டும் எல்லையை அளக்கும் மண எல்லைப் பிரிவிலிருந்து ஹிலால் வந்தான். ஹம்தூனிடம் தொழில் பழகியவன். இன்று அந்தப் பிரிவுக்கே தலைவன். கூடவே சில அலுவலர்கள், மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்து.

"சோதனைக்கு ஒரு வஞ்சிரம் சுடணும்யா. நாங்க தெரு நெடுக நின்னு மோந்து பாப்போம்."

ரய்யா சுட்டாள். அலுவலர்கள் ஆளுக்கொரு இடத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். மோந்தது வஞ்சிரம்தானா என்று உறுதி செய்ய ருசியும் பார்க்க வேண்டியிருந்தது. ஹம்தூன் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"மன்னிச்சுக்கணும்யா. இது சான்றுப் பொருள். மனுதாரர் தொடக் கூடாது. நீங்க எழுதினதுதான்."

"ஆமா, எழுதினேன்," என்று தட்டைக் கீழே வைத்தார். சின்னப் பெருமையும் பெரிய பசியுமாக இருந்தது.

காற்று மாறியபோது மறு சோதனை நடந்தது. ஈரக் காற்றுக்கு ஒன்று, புழுதிக் காற்றுக்கு ஒன்று. அலுவலர்களின் இடுப்பு வார் ஒரு துளை தளர்ந்த பிறகு எல்லை முடிவாகித் தெருவில் பச்சைக் கோடு போட்டார்கள். கோடு ஹம்தூன் வீட்டுப் பின்சுவரில் தொடங்கி, பின்வீட்டு மர்ஹூனையும் அதற்கப்பால் பாதித் தெருவையும் வளைத்துக்கொண்டு போனது.

"என் வீடு கோட்டுக்கு வெளிய இருக்கே, ஹிலால்."

"உங்க வீட்டுக்கு மணம் எட்டலியேய்யா. எட்டக் கூடாதுன்னுதானே அம்மா அந்த மூலையில கட்டினாங்க."

"அடுப்பு என்னுதுப்பா."

"அடுப்பு யாருதுன்னு விதி கேக்கல. மணம் யாருக்குன்னுதான் கேக்குது. எங்களுக்கும் சங்கடமாத்தான் இருக்கு. எழுதினவர் நீங்க, நீங்களே பொருள் சொல்லிடுங்க. அதுபடி செஞ்சுடறோம்."

ஹம்தூன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம் வாக்கியங்களைப் படித்தார். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இப்படி ஒன்றை எழுதிவிட்டு, ஒரு மீனுக்காக வளைப்பதா? "விதி தெளிவாத்தான் இருக்கு. எனக்குத் தட்டு கிடையாது," என்று கையெழுத்துப் போட்டார்.

ரய்யா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கையெழுத்தே போட்டுட்டீங்களா?"

"ரகசியமா ஒரு துண்டு..."

"குடுத்தா அனுமதி ரத்தாயிடும். அந்த வெள்ளைக் கூண்டுக்குள்ள நான் திரும்பிப் போகமாட்டேன். இங்க காத்து என்னமா வருது தெரியுமா?"

"அப்ப நீ எப்படிச் சாப்பிடுவே?"

"ஆக்கறவ நுனிநாக்கால ருசி பாக்கலாம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. எவ்வளவுன்னு எழுதலியே."

வெள்ளிக்கிழமை வந்தது. ரய்யா வஞ்சிரம் சுட்டாள், எலுமிச்சைச் சோறு வடித்தாள். தட்டுகள் பின்சுவரைத் தாண்டிப் போயின. ஹம்தூன் முன்வாசலில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கடலிலிருந்து உப்பு வாடைதான் வந்தது. பொறுக்க முடியாமல் எழுந்து, தெருவைச் சுற்றிக்கொண்டு மர்ஹூன் வீட்டுக்குப் போனார்.

"வாங்க வாங்க, அபு நாஸர். சரியான நேரத்துக்கு வந்தீங்க," என்று மர்ஹூன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பெரிய தாம்பாளத்தில் முழு வஞ்சிரம். எதிரே ஹிலால், எல்லை சரியாக இருக்கிறதா என்று மேற்பார்வை செய்துகொண்டு, அதாவது வாய் நிறைய.

ஹம்தூன் மீனைப் பிட்டுச் சோற்றில் வைத்து உருட்டினார். எத்தனை நாள் கனவு. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது ஹிலால் விழுங்கிவிட்டுச் செருமினான்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. 'அயலார் அல்லாதார் விருந்தினராய்ப் புகுந்தும் அத்தட்டைத் தொடலாகாது'ன்னு ஒரு வரி..."

ஹம்தூனின் கை நின்றது. முகம் மட்டும் மலர்ந்தது. "மறந்துட்டேன்னு நினைச்சியா? உட்பிரிவு. என்ன கட்டுக்கோப்பு பாத்தியா?"

"பிரமாதம்யா."

அவர் கவளத்தைத் தாம்பாளத்திலேயே வைத்தார். மர்ஹூன் நிம்மதியாக அடுத்த துண்டுக்குக் கை நீட்டினார். ஆனால் பாதி உட்பிரிவோடு நிறுத்தும் பழக்கம் ஹம்தூனுக்கு இல்லை.

"'தொடவிட்டவரும் அந்நாளைக்குத் தம் தட்டை இழப்பர்.'"

மர்ஹூனின் கை பாதியில் நின்றது. "நான் உங்கள வாங்கன்னுதானே சொன்னேன்?"

"அதைத்தான் தொடவிடறதுன்னு விதி சொல்லுது."

"இன்னும் வரி இருக்கா, அபு நாஸர்?"

"ஒண்ணே ஒண்ணு. 'உடனிருந்தும் உடனே தடுக்காத அலுவலரும் அவ்வாறே.'"

"நான் தடுத்தேனேய்யா," என்றான் ஹிலால்.

"உடனேன்னு இருக்கு. நான் மீனைப் பிட்டு உருட்டறவரைக்கும் நீ மென்னுட்டு இருந்தே."

ஹிலால் யோசித்துப் பார்த்தான். மறுக்க ஒரு சந்து கூட இல்லை. "என்னமா எழுதியிருக்கீங்க," என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

தாம்பாளம் அப்படியே பின்சுவரைத் தாண்டித் திரும்பி வந்தது. ரய்யா எட்டிப் பார்த்தாள். "என்ன, உப்பு கூடிப்போச்சா?"

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் ஹம்தூன்.

அவள் தாம்பாளத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஓலைக் கூரைக்கடியில் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிவிட்டு, நுனிநாக்கால் ருசி பார்க்க உட்கார்ந்தாள்.

மூவரும் தெருவைச் சுற்றிக்கொண்டு ஹம்தூன் வீட்டு வெள்ளைச் சமையலறைக்குப் போனார்கள். அங்கே தேநீருக்கு அனுமதி உண்டு. ஹிலால் வாசலில் நின்று மூக்கைத் தூக்கி நாலு பக்கமும் மோந்து பார்த்தான். மீன் மணம் துளியும் இல்லை. எல்லை மிகச் சரியாகப் போடப்பட்டிருப்பதாக அவன் குறித்துக்கொண்டான். மற்ற இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.