சோத்தோங்குக்குக் கை உண்டா?

ஷா ஆலத்திலிருந்து சம்பந்தி வீட்டார் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். பூமணி கிள்ளான் பாசாருக்குப் போய் ஒரு பை நிறையச் சோத்தோங், அதாவது கணவாய், வாங்கி வந்து கணவர் முன்னால் வைத்தாள்.

"கழுவி, அந்த நீட்டு நீட்டா தொங்குற காலை எல்லாம் வெட்டிக் குடுங்க. சீக்கிரம் லா."

யோகநாதன் அரசாங்க மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகம்தான் ஓய்வு கொடுத்தது, வாய் கொடுக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சமையலறையில் அவர் விரல் நனைந்து யாரும் பார்த்ததில்லை. இன்றும் நனைக்கக் கூடாது என்று அங்கேயே முடிவு கட்டினார்.

"காலா? கால்னா நடக்கணும் பூமணி. இது நடக்குமா? பேர் தெரியாததை எப்படி வெட்டுறது? சரியான சொல்லைச் சொல்லு, வெட்டுறேன்."

"மீசை."

"மீசைன்னா மேல மூக்கு இருக்கணும். இதுக்கு மூக்கு எங்க?"

"தும்பிக்கை."

"யானைக்கு ஒண்ணுதான். இங்க ஒரு கொத்தே தொங்குது."

பூமணி பூண்டை உரித்துக்கொண்டே, "அப்ப கைதான்," என்றாள்.

"கைன்னா வேலை செய்யணும். சும்மா தொங்குறதெல்லாம் கை ஆயிடுமா?"

"ஊழலோட கை நீளுதுன்னு பேப்பர்ல போடுறாங்களே?"

"அது லீவே எடுக்காம வேலை செய்யுது. அதனால அது கை."

வழக்கு ஜெயித்த திருப்தியில் யோகநாதன் நாற்காலியில் சாய்ந்து பத்திரிகையை விரித்தார்.

பூமணி பூண்டை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப உங்க தோள்ல ரெண்டு தொங்குதே, அதுக்கு என்ன பேருங்க? சம்பந்தியம்மா வந்ததும் நானே கேக்கலாம்னு இருக்கேன். அவங்க தமிழ் வாத்தியார் பொண்ணு, கண்டிப்பா தெரிஞ்சிருக்கும்."

யோகநாதன் மலாயில் தேடினார், ஆங்கிலத்தில் தேடினார், தமிழிலும் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. பூமணி கேட்கக்கூடியவள்தான். சம்பந்தியம்மா அதை ஷா ஆலம் முழுக்கச் சொல்லக்கூடியவள்.

எழுந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனார். சோத்தோங் வழுக்கியது. மை பீய்ச்சி வெள்ளைச் சட்டை கறுத்தது, மூக்குக் கண்ணாடியும் கறுத்தது. கடைசித் துண்டை வெட்டிப் போட்டுவிட்டு இரண்டு கையையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இப்பச் சொல்லு. இது என்ன?"

"கைதாங்க, சந்தேகமே இல்ல. இது தெரியாம இத்தனை வருஷமா நானே எல்லாத்தையும் செஞ்சிட்டு இருந்தேன்," என்ற பூமணி, குளிர்பெட்டியிலிருந்து இறால் பையை எடுத்து அந்தக் கைகளிலேயே வைத்தாள்.