முள்ளங்கியாரின் இடுப்பு வலி

யாரைப் பார்த்தாலும் மூன்றே நிமிடத்தில் அவருடைய குணவகையைச் சொல்லிவிடுவேன். எங்கள் இஞ்சியோன் நகரில் பாதிப்பேர் இப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் அது நிஜமாகவே வரும் என்று நம்பியிருந்தேன். அலுவலகத்தில் யார் புதிதாகச் சேர்ந்தாலும், பதினாறு குணவகையில் அவர் எது என்று என்னைத்தான் கேட்பார்கள்.

இணையத்தில் வாராவாரம் ஒரு கார்ட்டூன் வருகிறது. நாயகன் ஒரு முள்ளங்கி. மாமியார் வீட்டில் குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சி போடும் நாளன்று முள்ளங்கியார் இடுப்பு வலி என்று பொய் சொல்லிக் கட்டிலில் சாய்ந்துவிடுகிறார். கீழே வாசகர்களுக்கு ஒரு கேள்வி: இவர் திட்டக்காரரா, திடீர்க்காரரா?

எல்லாரும் திடீர்க்காரர் என்று வாக்களித்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. புனைபெயரில் எழுதினேன்:

"தவறு. இவர் அசல் திட்டக்காரர். மூன்று நாள் முன்பே ஷூ கயிறு கட்டும்போது மெதுவாக முனகியிருப்பார். அடுத்த பேட்டை மருந்துக்கடையில் இடுப்பில் ஒட்டும் வலிப்பட்டை வாங்கியிருப்பார். அதைக் கசக்கி, பழையது போல ஆக்கி ஒட்டியிருப்பார். திடீர்க்காரனுக்கு இவ்வளவு பொறுமை ஏது?"

நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் சாப்பிடும்போது என் மனைவி ஹே-ரின் கைப்பேசியை நீட்டினாள்.

"என்னங்க, இதைப் படிங்க. யாரோ பிரமாதமா எழுதியிருக்கான்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"அது நான்தான்."

"நீங்களா? கார்ட்டூன் கட்டத்துல பட்டையே வரலையே. எப்படித் தெரிஞ்சுது?"

"ஒரு ஊகம்தான்."

"கசக்கி ஒட்டுறது வரைக்குமா?"

சூப்பைக் கலக்கினேன். அதில் கலக்க ஒன்றுமில்லை.

"போன வருஷம் பொய் சொன்னீங்கன்னு தெரியும். எப்படிச் செஞ்சீங்கன்னுதான் தெரியல. அதுக்குத்தான் முள்ளங்கியை வரைஞ்சேன்."

"நீ வரையுறியா?"

"எட்டு மாசமா. மூணு நிமிஷத்துல எல்லாரையும் கண்டுபிடிக்கிறவர், கட்டில்ல படுத்திருக்குறது யாருன்னு பார்க்கலையே."

போன வருடம் நான் இடுப்பு வலி என்று படுத்துவிட்டதால், தன் ஊரான ஹேனாமில் என் மாமியார், எழுபத்தோரு வயதில், நூற்று நாற்பது முட்டைக்கோஸைத் தனியாகத் தூக்கிக் கழுவினார். அதோடு, மாப்பிள்ளை இடுப்புக்கு என்று மாட்டெலும்புச் சூப் காய்ச்சி, உறையவைத்துப் பெட்டியில் அனுப்பினார். பன்னிரண்டு பொட்டலம். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

"அத்தைக்குத் தெரியுமா?" என்றேன்.

"அம்மா வாராவாரம் படிக்கிறாங்க. நேத்து அவங்களும் எழுதியிருக்காங்க. உங்களுக்குக் கீழேயே இருக்கு."

பார்த்தேன். ஒரே வரி.

"எல்லாரும் ஏன் திட்டுறீங்க. பாவம், அந்த முள்ளங்கிக்கு நிஜமாவே வலிச்சிருக்கும்."

அந்தச் சனிக்கிழமை, இந்த வருடக் கிம்ச்சி போட, ஹேனாமுக்கு நானே வண்டியை எடுத்தேன். மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எல்லா முட்டைக்கோஸையும் நானே தூக்கினேன். தொண்ணூறாவதில் இடுப்பு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. மிளகாய் விழுது பூசிக்கொண்டிருந்த ஹே-ரின் என் காதருகில் குனிந்தாள்.

"இடுப்பு வலிக்குதுன்னு இப்பச் சொல்லிப் பாருங்களேன்."

தொண்ணூற்றொன்றாவதைத் தூக்கினேன்.