ரெண்டரை மணிக்கு ஊதிய சங்கு

பஸ் ஹாரனைக் குருவாக ஏற்று ஜாஸ் வித்வான் ஆனவன் உலகத்திலேயே ஒருவன்தான். என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதற்கென்றே அவன் ஏற்காட்டில் வந்து பிறந்தான்.

பெயர் சங்கு. காரணம் பிறகு சொல்கிறேன். தலைச்சோலை ஊர்க்காரன், இளவட்டம். அப்பா, அம்மா எஸ்டேட் வேலை. சேலத்து பேண்டு செட் ஒன்று ஓரங்கட்டிய சாக்ஸபோனை வாங்கி, காற்று கசிகிற இடமெல்லாம் சைக்கிள் டியூபைச் சுற்றி, எஸ்டேட் மேட்டில் காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்று ஊதுவான். நானோ அந்த மேட்டுக்குக் கீழே, ஒண்டிக்கடை முக்குக்குப் பக்கத்து ஓட்டலில் சனி, ஞாயிறு கீபோர்டு வாசிப்பவன். முறையாகப் படித்தவன். சான்றிதழ்கள் சுவரில் தொங்குகின்றன. அப்படியிருந்தும் ஓட்டலுக்கு வருகிறவர்கள், "மேட்டுல ஊதறது யாருங்க? பிரமாதம்!" என்று என்னிடமே கேட்பார்கள். எனக்கு எப்படி இருக்கும்?

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவனையே கேட்டேன். "ஏன் சாமி, யாருகிட்டக் கத்துக்கிட்டே?"

"ஜாஸு போன்ல கேப்பனுங்ண்ணா. ஊதக் கத்துக்கிட்டது கொட்டச்சேடு போற பஸ்ஸுகிட்டங்க."

"பஸ்ஸுகிட்டயா?"

"டிரைவரு ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வொரு மாதிரி ஹாரன் அடிப்பாருங்க. நொம்ப நல்லா இருக்கும். மூச்சு உடறது மட்டும் காட்டெருமைகிட்டங்க. பக்கத்துல போய் நின்னு கேப்பனுங்க."

அப்படி நின்றவனைக் காட்டெருமை சும்மா விட்டுவிட்டதே என்று எனக்கு மகா வருத்தம்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூர் ஜாஸ் குழு ஒன்று ஓட்டலில் வந்து தங்கியது. குழுவில் வாசிக்கக் கூட அழைத்துப்போக அவர்களுக்கு ஓர் ஆள் தேவையாம். மேனேஜர் என் பெயரைச் சொல்லியிருந்தார். அவ்வளவுதான், என் தலையெழுத்தே மாறப்போகிறது என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு தோட்டத்தில் உட்கார்ந்து வாசித்தேன். குழுத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். ரசிக்கிறார் என்றே நம்பினேன்.

அப்போது மேட்டிலிருந்து நீளமாக ஒரு சத்தம். சாயங்காலம் வேலை முடிந்ததும் எஸ்டேட்டில் ஊதுகிற சங்கு. அது ஊதிவிட்டால் காப்பிப் பழம் பறிக்கிற கை நின்றுவிடும். சரிவு முழுக்கப் பெண்கள் கூடையும் சாக்குமாக இறங்கி வந்தார்கள். கணக்கெழுதிச் சங்கும் ஊதுகிற எஸ்டேட் ரைட்டர் பதறியடித்து ஓடி வந்தார்.

"மணி ரெண்டரைதான் ஆவுது! யாரைக் கேட்டு எறங்குனீங்க?"

"சங்கு ஊதிருச்சுங்களே!" என்றார் முன்னால் வந்த அம்மாள்.

"நான் ஊதவே இல்ல!"

"ஊதுனது ஊதுனதுதானுங்க. இனி மறுக்கா ஏற முடியாதுங்க. எடையைப் போடுங்க, ஊட்டுக்குப் போவோணும்."

செடிக்குப் பின்னாலிருந்து சாக்ஸபோனோடு பயல் தலையை நீட்டினான். "கோவிச்சுக்காதீங்க. அந்தச் சங்கு இழுவை இன்னைக்குத்தான் சரியா வந்துச்சுங்க" என்றான். அன்றிலிருந்து அவன் பெயர் சங்கு.

குழுத் தலைவர் கண்ணைத் திறந்துவிட்டார். "நாங்க வாசிச்சா நாற்காலியை விட்டு ஒருத்தர் எந்திரிக்கறதில்ல. இவன் ஒரு மலையையே காலி பண்ணிட்டானேய்யா!" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டி மேட்டுக்கு ஓடினார். நான் பாதிப் பாட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது பயல் பெங்களூரில் கோட்டு மாட்டிக்கொண்டு ஊதுகிறான். அவன் பேட்டி ஒன்று போனில் வீடியோவாக வந்தது. குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள்.

"கொட்டச்சேடு பஸ்ஸுங்க. எங்கூரு கீபோர்டு அண்ணனுங்க. அப்புறம் காட்டெருமைங்க."

"அண்ணன் என்ன கத்துக்குடுத்தார்?"

"எங்க சும்மா இருக்கோணும்னுங்க. கீழ அவரு வாசிப்பாரு, நான் மேட்டுல கேட்டுக்கிட்டே நிப்பனுங்க. அவரு நிறுத்துற எடத்துலதான் நான் எடுப்பனுங்க. அந்த மாதிரி எடம் இங்க யாரும் உடறதில்லீங்க."

பஸ்ஸுக்கும் காட்டெருமைக்கும் நடுவில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறான், படுபாவி! மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

வயிறு இன்னமும் எரியத்தான் செய்கிறது. ஆனாலும் சனிக்கிழமை ஓட்டலில் வாசிக்கும்போது, அவன் எடுக்கிற இடம் வந்தால் கையை எடுத்துவிட்டு மேட்டைப் பார்த்துச் சற்று சும்மா இருக்கிறேன்.