பரண் வைத்தியம்

இந்த ஞாயிற்றுக்கிழமை பரண் ஏறுவதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சபதம் எடுத்தார். மனசுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் எடுக்கிற தைரியம் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

அன்றைக்குக் குடியிருப்பின் கேரம் இறுதி ஆட்டம். மொட்டை மாடியில் பலகை, சுற்றிலும் கூட்டம். அவரும் எதிர் வீட்டு டிரைவரும் ஒரு ஜோடி. ஜெயித்தால் ஆயுசுக்கும் பீற்றிக்கொள்ளலாம். மனைவியோ அதே நாளில்தான் பரணைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்கிறாள்.

வெள்ளிக்கிழமை கடையிலிருந்து நொண்டிக்கொண்டே வந்தார்.

"முட்டி பிடிச்சுக்கிச்சும்மா. ஏணி ஏற முடியாது. உக்காந்து செய்யற வேலைன்னா பரவாயில்ல."

"கேரம் மாதிரியா?"

"அட, ஆமா! நீ சொன்னப்புறம்தான் ஞாபகமே வருது."

ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவருக்கு மனைவியின் சிரிப்பு மட்டும் கண்ணில் படவில்லை. மறுநாளே அவரை ஆயுர்வேத வைத்தியரிடம் இழுத்துப்போனாள். வைத்தியர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"வீக்கம் ஒண்ணும் இல்ல. லேசா வாதம். எண்ணெய் தேச்சு நல்லா வேர்க்க விடுங்க. குளிர்ந்தது, வறுத்தது வேணாம். சூடா, குழைவா, நெய் விட்டுச் சாப்பிடுங்க. காத்து படக் கூடாது."

"மொட்டை மாடி?" என்றாள் மனைவி.

"கூடவே கூடாது."

"வீட்டு வேலை?"

"தாராளமா செய்யலாம்."

அன்று இரவு அவள் வறுத்த கடலையை நொறுக்க, இவர் குழைந்த சோற்றை விழுங்கினார். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைத்ததே பெரிது.

ஞாயிறு காலை வெதுவெதுப்பான நல்லெண்ணெய் வந்தது. உச்சந்தலையிலிருந்து கணுக்கால்வரை தேய்த்தாள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு கவனிப்பு கிடையாது. அவருக்குக் கண் சொருகியது.

"உள்ளங்காலை விட்டுட்டியே?"

"வேணாம்."

"உடம்பு முழுக்கத் தேய்க்கணும்ல?"

"ஏணி வழுக்குமில்ல?"

துள்ளி எழுந்தார். "ஏணியா?"

"வேர்க்கணும், காத்தும் படக் கூடாது. நம்ம வீட்டுல பரணை விட்டா அதுக்கு வேற எடம் ஏது?"

அப்போது பார்த்து டிரைவர் வாசலில் நின்றார். "அண்ணே, ரெடியா?"

"அவருக்குக் காத்து ஆகாது. நான் வர்றேன்."

"வாங்க அண்ணி!" டிரைவரின் குரலில் துக்கம் துளிகூட இல்லை.

பரணுக்கு நேர் மேலேதான் மொட்டை மாடி. ஒவ்வொரு கைத்தட்டலும் கூரை வழியாக அவர் மண்டையில் விழுந்தது. ஓட்டை வாளி, உடைந்த குடை, கிழிந்த மெத்தை. எண்ணெய் உடம்பில் தூசி அப்பிக்கொண்டது. வைத்தியர் சொன்னபடி வேர்த்துக் கொட்டியது. அழுகை அழுகையாக வந்தது.

மத்தியானம் மனைவி ஏணியடியில் வந்து நின்றாள். கையில் பளபளவென்று கோப்பை.

"முட்டி சுத்தமா சரியாப் போச்சும்மா," என்றார் அவசரமாக. "அடுத்த வருஷம் நானே ஆடறேன்."

அவள் கோப்பையை மேலே நீட்டினாள்.

"இதை ஓரமா வைங்க. அடுத்த வருஷ கோப்பைக்கும் எடம் வேணும்."