ஈயாமல் தின்ற ஆணம்

இன்றைக்குள் தன் வீட்டில் நாலு உயிர் போய் நாலு மையத்து விழப்போகிறது என்று கலீலுர் றஹ்மானுக்கு உறுதியாகிவிட்டது.

கிண்ணியாத் துறையடியில், அலியாரின் கடைக்குச் சுகாதாரப் பரிசோதகர் பாக்கியரத்தினம் வந்திருந்தார். மஞ்சள் தூளிலும் டின் மீனிலும் கொஞ்சம் எடுத்துப் போத்தலில் அடைத்து, அரக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

"கொழும்புக்கு அனுப்பி, ஈயம் இருக்கோ எண்டு பாக்கப்போறம்."

"உள்ளுக்குப் போனா என்ன செய்யும் ஐயா?" என்றார் கலீலுர் றஹ்மான்.

"கை நடுங்கும். வயிறு பிரட்டும். சின்னப் பிள்ளைகளெண்டா மூளையே மந்தமாகிப்போகும்."

கலீலுர் றஹ்மான் தன் விரல்களை விரித்துப் பார்த்தார். முந்தாநாள் மனைவி அசனா தாய்வீட்டுக்குப் போயிருந்த நேரம், அவள் கறி சமைக்கும் இரும்புத் தாச்சியில்தான் ஈயம் உருக்கி வலைக்குக் குண்டு வார்த்தார். பிறகு சாம்பல் போட்டுத் தேய்த்து, ஒன்றும் அறியாதவர் போலக் குசினிச் சுவரில் கொளுவிவிட்டார்.

செருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். பிள்ளைகள் இருவரும் சோற்றுக்கு முன்னால் குந்தியாயிற்று. நடுவில், சோற்றில் ஊற்றப் பெரிய கோப்பை நிறையப் பாரைமீன் ஆணம்.

"தின்னாதீங்க!"

அசனா நிமிர்ந்தாள். "ஏன்?"

"ஆணத்தில... ஈ... ஈய..."

"ஈயா? எங்க?"

"ஓம், ஈ! ஈதான் விழுந்து கிடக்கு!"

"எடுத்து எறிஞ்சிட்டுத் தின்னுங்க. இதுக்கா இந்தக் கூப்பாடு?"

"பெரிய ஈ, புள்ள. கொட்டிருவம்."

"பாரைமீனையா? ஏலாது!"

உண்மையைச் சொன்னால் அசனா கொல்லுவாள். சொல்லாவிட்டால் ஈயம் கொல்லும். சின்னவள் ஆணத்துக்குக் கை நீட்டினாள். கலீலுர் றஹ்மான் மனதுக்குள் கலிமாவைச் சொல்லிக்கொண்டு கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார்.

"எனக்குப் பசி. எல்லாம் எனக்குத்தான்!"

தின்றார். கண்ணீர் வழிய வழியத் தின்றார். முள்ளைச் சூப்பினார். கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டு, மவுத்துக்குக் காத்திருந்தார்.

அசனா எழும்பிப்போய்ப் பிள்ளைகளுக்கு முட்டை பொரித்தாள்.

"கட்டினவளுக்கும் ஈயாம, பெத்ததுகளுக்கும் ஈயாம, முழுசாத் தின்டு முடிச்சிட்டீங்க."

"உங்களைக் காப்பாத்தத்தான், அசனா. அந்தத் தாச்சியில நான்..."

"ஈயம் உருக்கினீங்க. தெரியும். அடியில வெள்ளி மாதிரி மினுங்கிச்சே! ஆணம் ஆக்கினது மண்சட்டியில."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அப்ப ஏன் முதல்லயே சொல்லல்ல?"

"நீங்க சொல்லுவீங்களா எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அதுக்குள்ள கோப்பை காலி."

அவர் சுவரில் சாய்ந்தார். வயிற்றின் அடியிலிருந்து நிம்மதியாக ஓர் ஏப்பம் கிளம்பியது.

"தாச்சி எங்க?"

"காலையில பாக்கியரத்தினம் ஐயா நம்மட வாசல் ஒழுங்கையால போனார். கூப்பிட்டுக் குடுத்திட்டன். தின்டவங்களை விட, அடுப்படியில குந்தியிருந்து அந்தப் புகையைக் குடிச்ச ஆளுக்குத்தான் கூடப் பயமாம். நாளைக்கு இரத்தம் குத்தி எடுக்க உங்களைக் கூட்டிவரச் சொன்னார்."

ஏப்பம் பாதி வழியில் நின்றுவிட்டது.