மாப்பிள்ளை காரில் புகை வந்த விவரம்

இயேசு மரி சூசை துணை

இராயபுரம்,
செவ்வாய்க்கிழமை

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை ஆண்ட்ரூ அவர்களுக்கு, மாமனார் அருள்நாதன் எழுதிக்கொண்டது. கடலில் தாங்கள் சுகமாயிருக்க தினமும் பூசையில் வேண்டுகிறோம். இங்கே சில்வியா நலம், வயிற்றிலிருக்கும் பிள்ளை நலம், உங்கள் அத்தை இருதயம்மாளும் நலம். கார் மட்டும்தான் கொஞ்சம் நலமில்லாமல் இருந்து தேறியிருக்கிறது. போனில் சொல்லலாமென்று மூன்று தடவை எடுத்தேன், உங்கள் குரலைக் கேட்டதும் "இங்க நல்ல மழை மாப்பிள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆகவே அடுத்த வாரம் உங்கள் கப்பலில் ஏறப்போகும் மேத்யூ கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படிக்கவும்.

பிரசவத்துக்குக் கார் தயாராக இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து எனக்கு அதே கவலை. பின்சீட்டில் சில்வியா முகத்தில் வெயில் அடிக்கிறதே என்று திரைத்துணி மாட்ட, கூரையோரம் ஒரு கொக்கி போட்டேன், சாத்தாங்காடு இரும்புக் கடையில் வாங்கிய இரண்டு அங்குல ஸ்க்ரூ, நல்ல கெட்டி. மறுநாள் கார் உள்ளே மேலே எரியுமே சின்ன லைட், அது எரியவில்லை. ரேடியோவும் பாடவில்லை. ஃபியூஸ் போயிருந்தது. புதுசாய்ப் பத்து ஆம்பியர் போட்டேன், டப். இன்னொன்று போட்டேன், அதுவும் டப். இருட்டில் வலி வந்தால் பிள்ளை எங்கே கால் வைப்பாள் என்று எனக்குப் பயமாப் போச்சு, பத்து தாங்கலைன்னா முப்பது தாங்கும்னு முப்பது ஆம்பியர் ஃபியூஸை அழுத்திட்டேன் மாப்பிள்ளை. லைட் மினுக்குனு ஒரு தடவ எரிஞ்சி அணைஞ்சிது, ஆனா ஃபியூஸ் போகல. அதுவே பெரிய நிம்மதியா இருந்துச்சு.

சனிக்கிழமை செக்கப்புக்குப் போறோம், டோல்கேட் சிக்னல், பின்னாடி ரெண்டு கன்டெய்னர் லாரி, சில்வியா "நைனா, இன்னாவோ கருகுற வாசன வருது"ன்றா. "அது லாரி புகைம்மா"ன்றேன். "லாரி புகை நம்ம கூரைலருந்தா வரும்?"னு கேக்கறா. திரும்பிப் பாத்தா நூல் மாதிரி புகை. வண்டிய நிறுத்தி, புள்ளய எறக்கி, டயர் கடை ஸ்டூல்ல உக்கார வெச்சி, ஃபியூஸைப் புடுங்குனேன். லாரிக்காரங்க ஹாரன் அடிச்சிகினே கீறாங்க, எனக்கு நெஞ்சு அடிக்கிறது அதுக்கு மேல கேக்குது.

டயர் கடைக்குப் பக்கத்திலேயே வண்டி எலக்ட்ரிகல் வேலை பார்க்கிற ரஹீமுன்னிசான்னு ஒரு அம்மா. ஃபியூஸ் இருந்த எடத்துல ரெண்டு ஒயர் போட்டு ஒரு பல்பை மாட்டுனாங்க. பளிச்சுனு எரிஞ்சிது. "இது இப்டி எரியற வரைக்கும் உள்ள ஷார்ட்டு கீது பெரியவரே"ன்னாங்க. ரேடியோவைக் கழட்டுனாங்க, எரியுது. டிக்கி லைட்டைக் கழட்டுனாங்க, அப்பவும் எரியுது. அப்புறம் கூரைத் துணிய மெல்லத் தடவிகினே வந்து என் கொக்கில கை வெச்சி ஆட்டுனாங்க, பல்பு விட்டு விட்டு எரியுது. ஸ்க்ரூவைக் கழட்டுனாங்க, பல்பு அணைஞ்சே போச்சு.

"இந்த ஒயர்ல ஸ்க்ரூவை எறக்குனது யாரு?"ன்னாங்க.

"மாப்பிள்ளையா இருக்கும்"னேன்.

சில்வியா ஸ்டூல்லருந்தே என்னைப் பாத்தா. அதுக்கப்புறம் நானேதான் ஒத்துக்கினேன்.

"ஃபியூஸ் போறது உன்ன காப்பாத்ததான் பெரியவரே. பத்து எடத்துல முப்பது போட்டா ஃபியூஸ் போவாது, ஒயர்தான் எரியும்"னு சொல்லி, கருகுன ஒயரை வெட்டி வேற இழுத்து, பத்தைப் போட்டாங்க. லைட் எரியுது, ரேடியோ பாடுது.

ஆகவே தாங்கள் சிறிதும் கவலைப்பட வேண்டாம். கார் துடைத்து, டேங்க் நிரப்பி, ஆஸ்பத்திரி பக்கம் முகத்தைத் திருப்பி நிறுத்தியிருக்கிறேன். வலி வந்த ஐந்தாம் நிமிடம் கிளம்பிவிடலாம், தினமும் ஒத்திகை பார்க்கிறேன். கூரைத் துணியில் உள்ள ஓட்டைக்கு மன்னிக்கவும். மாதா தங்களைக் கரை சேர்ப்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்,
ம. அருள்நாதன்

பி.கு.: இன்று புதன். காலை பத்து மணிக்கு வலி வந்தது. பக்கத்து வீட்டு மங்கை தன் ஷேர் ஆட்டோவை எடுத்தாள், எல்லோரும் ஏறி உட்கார்ந்தோம், நானும்தான். பெண் குழந்தை, இருவரும் சுகம். ஆஸ்பத்திரி பாரத்தில் கையெழுத்துப் போட பேனா தேடி சட்டைப் பையில் கைவிட்டேன், கார் சாவி வந்தது.