பொணத்துக்கு வந்த ரிஜிஸ்தர் தபால்

செத்தவர்களே வந்து கற்றுக்கொள்ளும்படி சாகத் தெரிந்தவன் ஆவடியில் ஒருவன்தான் இருந்தான். எங்கள் குவார்ட்டர்ஸில் அவன் பெயரே பொணம். ஆண்டு விழா நாடகம் எதுவானாலும் அவனுக்குப் பிண வேஷம்தான். கண்ணைத் திறந்தபடி சாவான். விழிமேல் ஈ உட்கார்ந்து, காலைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக எழுந்து போகும். இமை அசையாது. ஒருமுறை மூக்கருகே கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். ஆவி படியவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில், அமெரிக்காவில் நாடக எம்.ஏ. படிக்க விண்ணப்பித்திருந்தான். சீட் மட்டும் போதாது, அசிஸ்டன்ட்ஷிப்பும் வேண்டும். வகுப்புகளில் உதவி செய்தால் ஃபீஸும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. அது கிடைக்காவிட்டால் பொணம் மீனம்பாக்கத்தைக்கூடத் தாண்ட முடியாது.

மூன்று மாதமாகப் பதில் இல்லை. காத்திருக்கக் காத்திருக்க அவன் சாவு நீண்டது. பத்து நிமிடம் ஒரு மணி நேரமாயிற்று. வராந்தாவில் பாய் விரித்துக் கிடப்பான். அவன் அம்மா அவனைத் தாண்டித் தாண்டித் துணி காயப்போடுவார்.

"இருக்கானா ஆன்ட்டி?"

"கீறான். ஆனா செத்துகினு கீறான். மூணு மணிக்கு மேல வாப்பா."

ஒரு பகல் ஆன்ட்டி ரேஷன் கடைக்குப் போயிருந்தார். தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றச் சொன்னான் பொணம்.

"மச்சான், நீ பக்கத்துல குந்திகினு அழு. சாவு ஊடு மாரி இருக்கணும்."

அழுதேன். நடுவில் அவன் கையைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது. பயத்தில் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அப்போது கேட்டருகே சைக்கிள் நின்றது. புதிதாக மாற்றலாகி வந்த போஸ்ட்மேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"எப்பப்பா?"

"காத்தால" என்று தேம்பினேன். நடிப்பைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவனே பொணம்தான். அவனும் அசையவில்லை. போஸ்ட்மேன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவர் கையில் இருந்த உறையை நான் கவனிக்கவில்லை.

ரிஜிஸ்தர் தபாலை வாங்க வேண்டியவர் இறந்துவிட்டால், அதை உறைமேல் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு அது ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அவன் அம்மா பெயருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பொணமே அதைத் தமிழில் படித்தான்: "உங்கள் மகனுக்கு இடமும் முழு அசிஸ்டன்ட்ஷிப்பும் கொடுத்திருந்தோம். அவர் மறைந்த செய்தி அறிந்து வருந்துகிறோம். அந்த இடத்தை வேறொரு மாணவருக்குக் கொடுத்துவிட்டோம்."

தன் சாவுக்கு வந்த அனுதாபத்தை ஒருவன் குரல் நடுங்காமல் படித்துக் கேட்டிருக்கிறீர்களா? உடம்பெல்லாம் சிலிர்த்துவிடும். உயிரோடு இருப்பதாக உடனே எழுதிப் போட்டான். மிக்க மகிழ்ச்சி என்று பதில் வந்தது. சீட் வரவில்லை.

அன்று அந்த வராந்தாவில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பொணம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அன்னிக்கி இத்தவிட நல்லா அழுதே மச்சான்" என்றான்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மறந்து தொலைத்திருப்பேன். இன்றுவரை திட்டவில்லை. அந்தப் பாவியை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.